நஸீமாவின் வகுப்பில் எல்லாரும் தலையாட்டினார்கள்

“பார்க்க ஆள் வந்தா மட்டும் நாங்க ஏன் டீச்சர் எல்லாம் புரிஞ்ச மாதிரி உட்காரணும்?” என்று முன்பு ஒரு மாணவி என்னைக் கேட்டாள். இன்று சிங்கப்பூர் தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடையில் அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும் நஸீமா, பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் விரிவுரையாளர். என்னோடு உட்கார்ந்திருந்தவள், எதிரே நுரை ததும்பிய பால் தேநீரை, தே தாரிக்கை, தொடவே இல்லை.

“என்னம்மா, வகுப்பைப் பார்க்க வந்தவர் குறை சொல்லிட்டாரா?”

“பாராட்டிட்டார் டீச்சர். அதான் பிரச்சினை.”

மாணவர்களுக்குப் பாடம் எங்கே பிடிபடாமல் போகிறது என்று கண்டுபிடிக்க, மூத்த பேராசிரியர் ஒருவரை அவளே அழைத்திருந்தாள். மாணவர்களோ மேடத்தின் வேலைக்கு ஆபத்து என்று நினைத்து, வகுப்பு முழுக்கத் தலையாட்டியிருக்கிறார்கள். முடிந்ததும் அவர்களே பெருமையாக வந்து சொன்னார்களாம். ‘உதவி எதுவும் தேவையில்லை’ என்று அறிக்கையும் வந்துவிட்டது.

“பாசக்காரப் பிள்ளைங்க லா,” என்றேன்.

“பரீட்சைல அந்தப் பாசம் மார்க் போடாது டீச்சர்.”

அவளுடைய ஒப்பந்தம் விரைவில் புதுப்பிப்புக்கு வருகிறது. அந்த அறிக்கை அப்படியே இருந்தால் அவளுக்குக் கவலையில்லை. என்ன செய்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை எடுத்துப் பேராசிரியரை அழைத்தாள். “சார், இன்னொரு தடவை வாங்க. அன்னைக்கு பிள்ளைங்க எனக்காக நடிச்சிட்டாங்க. புரியலைன்னா புரியலைன்னு சொல்லச் சொல்லியிருக்கேன்.”

பிறகுதான் தே குடித்தாள். அது ஆறிப்போயிருந்தது.

வகுப்பு எடுக்கும் நண்பர்களே, அடுத்த முறை யாராவது பார்க்க வந்தால், உங்களுக்கு நன்றாக வரும் பாடத்தை விட்டுவிட்டு, பிள்ளைகள் தடுமாறும் பாடத்தை எடுத்துப் பாருங்கள்.