பாதிப் பாட்டில் எழுந்த மார்லிஸ்

கச்சேரி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மார்லிஸ் ஹாகன் தன் இரண்டு கைகளையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். முகம் சுளிக்கிறது. கைப்பையிலிருந்து அரை எலுமிச்சம்பழத்தை எடுத்து விரல் விரலாகத் தேய்க்கிறார். மறுபடியும் மோந்து பார்க்கிறார். "போகல. எழவு, இன்னிக்கும் போகல. நீ பாரு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கையை நீட்டுகிறார். பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நான்தான். நான்காவது டிராம்போன்காரனுக்கு மேடையில் ஓடி ஒளிய இடம் கிடையாது. மோந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். எலுமிச்சை வாசனைக்கு அடியில் மீன்குஞ்சு வாசனை அப்படியே இருக்கும்.

ஏரிக்கரையில் தூண்டில் இரை விற்கும் கடை அவருடையது. குளிர்காலத்தில் ஏரி உறைந்து கிடக்கும். ஊரே அதில் துளை போட்டு, தூண்டிலை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தொட்டித் தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டு மீன்குஞ்சுகளை அள்ளிப் போடுகிற அதே கைகள்தான், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பைன் ரேபிட்ஸ் ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் பியானோ வாசிக்கின்றன. வயது அறுபத்து நான்கு. பியானோ நாற்காலியில் இது முப்பத்தோராவது வருடம். பனி பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடுதான் பெடலை மிதிப்பார். "இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படி இவ்ளோ மிருதுவா வாசிக்கற?" என்று கேட்டால், "மீன்குஞ்ச நசுக்காமப் புடிச்சுப் பாரு, தெரியும்" என்பார்.

வாசிக்கும்போது அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். வேண்டுதல் எதுவும் இல்லை. பாட்டின் வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாடகரே இல்லாத, வெறும் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற உருப்படியானாலும் அதன் வார்த்தை அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் ஒத்திகையை நிறுத்தி ஊர் முழுக்கத் தொலைபேசியில் விசாரிப்பார். "பாட்டுல யாருக்கு என்ன ஆச்சுன்னே தெரியாம பின்னாடி உக்காந்து என்னத்தத் தட்டறது?" என்று கேட்பார். எனக்கு முப்பது வருடமாக அந்தக் கவலை வந்ததில்லை. தாளில் உள்ளதை ஊதிவிட்டு வீட்டுக்குப் போகிறவன் நான்.

அவருடைய வாயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மினசோட்டாவில், அதுவும் எங்கள் ஊரில், யாரும் யாரிடமும் பிடிக்கவில்லை என்று சொல்வதில்லை. சகிக்க முடியாத ஒன்றைக் கண்டால், "வித்தியாசமா இருக்கே" என்று சொல்லி, தலையாட்டி, காப்பி ஊற்றிக் கொடுப்போம். பக்கத்து வீட்டுக்காரர் நம் வேலியை இடித்தாலும் நாம்தான் மன்னிப்புக் கேட்போம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்பிள்ளைக்கு அப்படி ஒரு வாய் எங்கிருந்து வாய்த்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. போன சீசன் முழுக்க அந்த வாயால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் சீசனில் நான்கு கச்சேரிகள், நான்கு விருந்தாளிகள். அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து ஒரு சாக்ஸபோன்காரர் வந்தார். ஒத்திகை முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். பதினாறு பேரும் பிரமாதம் என்றோம். பதினேழாவது ஆள் பியானோ மூடியைச் சாத்திக்கொண்டே, "நீ நல்லாத்தான் வாசிச்ச கண்ணு. என்ன, நாங்க வாசிச்ச பாட்டு வேற" என்றார். அந்த மனிதர், எல்லோருக்கும் வைத்திருந்த சூப்பில் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்து தனியாகக் குடித்தார். எனக்கு மானமே போயிற்று.

டிசம்பரில் நடந்தது அதைவிட மோசம். சிகாகோவிலிருந்து வந்த பாடகருக்கு இரண்டாவது சரணத்தில் வார்த்தை மறந்துவிட்டது. அனுபவசாலி, சமாளித்தார். சொல்லை விட்டுவிட்டு வெறும் ஓசையை வாத்தியம் போல வாயால் உருட்டினார். இதற்கு ஸ்காட் என்று பெயர். ஜாஸ் ரசிகர்களுக்கு உயிர். சபையிலிருந்த அறுநூறு பேரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில், பியானோவுக்கு வைத்த மைக் வழியாக, அரங்கம் முழுக்கக் கேட்டது மார்லிஸின் குரல்: "வார்த்த மறந்துபோச்சா கண்ணு? 'பனி'ன்னு ஆரம்பிக்கும் பாரு."

அந்தப் பாடகர் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினார். ஆர்க்கெஸ்ட்ரா கமிட்டி கூடியது. முடிவைச் சொல்ல, மேடையில் எங்களை நடத்துகிற கார்டி நிஸ்ட்ரம் இரைக் கடைக்குப் போனார். நானும் அப்போது கடையில் நின்றிருந்தேன். மீன் பிடிக்கவே தெரியாத கார்டி, பேச்சைத் தொடங்கத் தைரியம் வராமல், பன்னிரண்டு மீன்குஞ்சு கேட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னொரு வாட்டி விருந்தாளிகிட்ட மேடையில வாயத் தொறந்தா நாற்காலி போயிடும் மார்லிஸ். என் கையில ஒண்ணும் இல்ல. வேற ஆள்கிட்டப் பேசிட்டாங்க."

நான் ஒரு பெரிய வெடியை எதிர்பார்த்துக் கதவுப் பக்கம் நகர்ந்தேன். மார்லிஸ் பையில் தண்ணீர் ஊற்றி மீனைக் கட்டிக் கொடுத்து, "சரி" என்றார். அவ்வளவுதான். கார்டி போன பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "கடை வயித்துக்கு, லைல். அந்த நாற்காலி எனக்கு. அதையும் புடுங்கிட்டா நான் என்ன செய்வேன்?" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

பிப்ரவரி விருந்தாளி டெட்ராய்ட்டிலிருந்து வந்த வெர்னெட்டா கோல்ஸ். எழுபத்திரண்டு வயது, ஊதா நிறத் தொப்பி, நல்ல உயரம். சனிக்கிழமை ஒத்திகையில் மார்லிஸ் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை குலுக்கிய வெர்னெட்டாதான் அந்தக் கையை விடாமல் மோந்து பார்த்தார். "மீனா?" "மீன்தான்." "எங்கப்பா ஆத்துலேர்ந்து வந்தா வீடே இப்படித்தான் மணக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார். கார்டி நடுவில் புகுந்து, "இந்த மெதுவான பாட்டுல, மேடம், நீங்க விருப்பப்பட்டா கொஞ்சம் ஸ்காட் பண்ணலாம்" என்றார். வெர்னெட்டா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அந்தப் பழக்கம் எனக்குக் கெடையாது தம்பி. ஒருத்தன் உக்காந்து வார்த்த வார்த்தையா எழுதியிருக்கான். அத விட்டுட்டு நான் ஏன் வாத்து மாதிரி கத்தணும்?" மார்லிஸ் இரண்டு கையாலும் ஒரு பெரிய சுரக்கூட்டத்தை ஓங்கி அடித்தார். எல்லோரும் சிரித்தோம். ஸ்காட் பழக்கம் கிடையாது என்று அவர் சொன்னதைப் பதினேழு பேரும் காதால் கேட்டோம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

மறுநாள் மதியம், நான்காவது உருப்படி. வாசல் மிதியடிக்குக் கீழே சாவியை வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. முதல் சரணம் அழகாகப் போயிற்று. இரண்டாவதில் 'சாவி' வர வேண்டிய இடத்தில் "லோ-ரி-பா-டே" என்று வந்தது. தொடர்ந்து "மா-லி-தோ, மா-லி-ரே" என்று போனது. சுரம் இம்மி பிசகவில்லை. தாளம் பிசகவில்லை.

அரங்கத்தில் ஆகா என்றார்கள். யாரோ சீழ்க்கை அடித்தார்கள். கைதட்டல் எழுந்தது. கார்டி புன்னகையோடு எங்களைச் சத்தம் குறைக்கச் சொன்னார், அந்த அம்மாளின் குரல் நன்றாகக் கேட்கட்டும் என்று. கையில் வாத்தியம் இருக்கிறவர்கள் காலால்தான் தட்ட முடியும். நான் தட்டினேன். தரை அதிரத் தட்டினேன். எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

அப்போது பியானோ நின்றது. கச்சேரி நடுவில் பியானோக்காரர் கையை எடுப்பது எங்கள் உலகத்தில் நடக்காத காரியம். பேஸ் வாத்தியம் மட்டும் தனியாகத் தடவிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தால் மார்லிஸ் எழுந்துவிட்டார். காலுறையோடு நடந்து மேடை முன்னால் போகிறார். போச்சு, டிசம்பர் கூத்தை மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள் பாவி என்றுதான் நான் நினைத்தேன். என் பக்கத்திலிருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். கார்டி முகம் வெளுத்து, முன் வரிசைக்குக் கேட்கும்படியாகவே, "மார்லிஸ், உக்காரு! உக்காருன்னு சொல்றேன்!" என்றார்.

மார்லிஸ் வெர்னெட்டாவின் இடுப்பை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தார். "அவங்க வாயப் பாரு கார்டி. வாயப் பாரு!"

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வெர்னெட்டாவின் முதுகை. சபைக்கு மைக் மறைத்தது. வலது கன்னம் தெரிவது பியானோவிலிருந்து மட்டும்தான். அந்தப் பக்கம் வாய் கோணி இறங்கியிருந்தது. மைக் கம்பியைப் பிடித்திருந்த வலது கை தானாக நழுவியது. அப்படியும் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார், "மா-லி-தோ" என்று, தாளத்தில். மார்லிஸின் தோளில் முழு பாரமும் விழுந்த பிறகுதான் அது நின்றது. பின் வரிசையில் சிலர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூளையில் ரத்தம் கட்டிவிட்டதாம். கச்சேரி பார்க்க வந்திருந்த இரண்டு நர்ஸுகள் மேடையேறினார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஹெலிகாப்டரில் மினியாபொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். மேடைக்குப் பின்னால் சூப்பும் எலுமிச்சைக் கேக்கும் யாரும் தொடாமல் ஆறிக் கிடந்தன. கார்டி மெல்ல வந்தார். "நல்ல வேள மார்லிஸ், நீ மட்டும் இல்லேன்னா…"

"எட்டு ஆவர்த்தம்" என்றார் மார்லிஸ். "மொத வார்த்தையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கார்டி. அந்த அம்மா கண்ணு வார்த்தையத் தேடுச்சு. என்னைப் பாத்துச்சு. நான் எட்டு ஆவர்த்தம் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். நாற்காலி போயிடுமேன்னு வாசிச்சேன்."

கார்டி ஒரு வாத்தியப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சும்மா இருக்க முடியாமல், "மெதுவான பாட்டு, அரை நிமிஷம்தான் இருக்கும்" என்றேன்.

"மீனத் தண்ணிக்கு வெளியில அரை நிமிஷம் வச்சுப் பாரு" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

கமிட்டி அவருக்குப் பெரிய பூங்கொத்து அனுப்பியது. அதைக் கடையில் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துத் தண்ணீர்கூட ஊற்றாமல் வாடவிட்டார். யாராவது பாராட்டிப் பேச வந்தால், "என்ன வேணும், புழுவா குஞ்சா?" என்று கேட்டு விரட்டினார்.

மூன்று வாரம் கழித்து, மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு மார்லிஸ், கார்டி, நான் மூவரும் மினியாபொலிஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெர்னெட்டா தலையணையில் சாய்ந்திருந்தார். ஊதாத் தொப்பி கட்டில் கம்பியில் தொங்கியது. எங்களை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தது, பாதி முகம். உடனே பேச ஆரம்பித்தார். நீளமான வாக்கியம், கடைசியில் கேள்வி போலக் குரல் ஏறியது. ஒரு வார்த்தையும் வார்த்தையாக இல்லை.

"ஆமாமா, கண்டிப்பா மேடம்" என்றார் கார்டி. நானும் தலையை ஆட்டினேன். "ரொம்ப சரி" என்றேன். வேறு என்ன செய்வதாம்?

"புரியல, வெர்னெட்டா" என்றார் மார்லிஸ்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கார்டி பல்லைக் கடித்துக்கொண்டு, "மார்லிஸ், கெஞ்சிக் கேக்கறேன், வேணாம்" என்றார்.

"ஒரு வார்த்தகூடப் புரியல. திரும்பச் சொல்லுங்க."

வெர்னெட்டா திரும்பச் சொன்னார். அதே ஓசைகள்கூட இல்லை, வேறு ஓசைகள். "இப்பவும் புரியல." மூன்றாம் தடவை அவர் முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது, இடது கையால் கட்டில் கம்பியை ஓங்கி அடித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவரை இப்படியா வதைப்பது? கார்டி பதறிப்போய் முன்னைவிட வேகமாகத் தலையாட்டினார். "புரியுது மேடம், நல்லா புரியுது, நீங்க அலட்டிக்காதீங்க."

வெர்னெட்டா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி, எங்கள் இருவருக்கும் வாசலைக் காட்டினார். நாங்கள் நகர்ந்ததும் அந்தக் கையைத் தாழ்த்தி மார்லிஸின் சட்டையைக் கொத்தாகப் பற்றி, கட்டிலோர நாற்காலிப் பக்கம் இழுத்தார்.