மகேந்திரராஜா சொல்லாத பெயர்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டும் மகேந்திரராஜாவுக்கு நகரத்துத் தெருப் பெயர்கள் அத்தனையும் தலைகீழ்ப் பாடம். தன் ஒரே பேரனின் பெயரை மட்டும் அவர் வாயால் சொன்னதே இல்லை. பிள்ளைக்கு ஒரு வயதாகப் போகிறது. "குஞ்சு" என்பார், "என்ர ராசா" என்பார், கோபம் வந்தால் "இவர்" என்பார். அதற்குமேல் ஒன்றும் வராது.

பிள்ளையின் பெயர் பஸ்குவாலே. மகள் மிதுசா கட்டியது ஓர் இத்தாலியனை. அவர்கள் குடும்பத்தில் முதல் ஆண்பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயர், மறுபேச்சு கிடையாது. அப்படித்தான் சம்பந்தி பஸ்குவாலேயின் பெயர் தொட்டிலுக்கு வந்து சேர்ந்தது.

முதலில் மகேந்திரராஜாவுக்கு மனத்தாங்கல் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நட்சத்திரம் பார்த்து, எழுத்துப் பார்த்து, ஒரு தாளில் ஒன்பது பெயர் எழுதி வைத்திருந்த மனிதர். கூட வேலை செய்யும் பென்ஜமின்தான் ஆளைச் சமாதானப்படுத்தினார். பென்ஜமின் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்.

"அண்ணை, அது எங்களுக்குத் தெரியாத பேரில்லை. கோயிலிலை பாஸ்கா எண்டு சொல்லுறம் எல்லே, அதிலை இருந்து வந்ததுதான். முதல்லை அது யூதற்ற திருநாள். எகிப்திலை அடிமையா இருந்த சனம் ராவோட ராவா வெளிக்கிட்ட நாள். பிறகு உயிர்த்த ஞாயிறுக்கு அந்தப் பேர் வந்திட்டுது. அந்தக் காலத்திலை பிறந்த பிள்ளையளுக்கு அதையே வைச்சிச்சினம். பாப்பாண்டவர்மாரே இந்தப் பேரிலை இருந்திருக்கினம். ஆடு மேய்ச்ச ஒருத்தர் புனிதராயிருக்கிறார். இத்தாலியிலை நாப்போலிப் பக்கம் மாப்பிள்ளை அமையாத பெட்டையள் அவருக்குத்தான் நேர்த்தி வைப்பினம்."

"எங்கட குஞ்சு நவம்பரிலை எல்லே பிறந்தது?"

"அதைச் சம்பந்தியிட்டைக் கேளுங்கோ," என்று பென்ஜமின் கழன்றுகொண்டார்.

ராவோடு ராவாக வெளிக்கிட்ட சனம். மகேந்திரராஜாவும் அப்படி ஒரு இரவில்தான் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர். அந்த ஒன்றே போதுமாயிருந்தது. பெயர் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒன்பது பெயர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார்.

பிறகும் ஏன் சொல்லவில்லை என்றால், மரியாதை. சம்பந்தி அவரைவிட ஆறு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சோபாவில் அமர்ந்திருக்கும்போது, "டேய் பஸ்குவாலே, அதை வாயிலை வைக்காதை!" என்று பிள்ளையை அதட்டினால் அது யாரை அதட்டியதாகும்? மூத்தவர் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத வாய். சம்பந்தியையும் அவர் "அண்ணை" என்றுதான் அழைத்தார். ஜெர்மன் வசனத்தின் நடுவிலும் அந்த அண்ணை வந்து குந்திக்கொள்ளும்.

இலையுதிர் காலத்தில் சம்பந்தி ஞாயிறுகளில் வருவதை நிறுத்தினார். முதல் வாரம் முழங்கால் வலி என்றார். அடுத்த வாரம் காரணமும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் மிதுசா தொலைபேசியில் அழுதாள்.

"அப்பா, நீங்கள் ஒருநாளும் அந்தப் பேரைச் சொன்னதில்லையாம். உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு அவருக்கு விளங்கிட்டுதாம். நகரசபையிலை டெர்மின் எடுத்துப் பேரை மாத்துங்கோ, நான் கோவிக்க மாட்டன் எண்டு சொல்லுறார். பிறந்தநாளுக்கும் வரமாட்டாராம். ஏனப்பா இப்பிடிச் செய்தனீங்கள்?"

மரியாதை என்று ஒரு வருடமாய்ப் பொத்திப் பொத்தி வைத்தது அங்கே போய் அவமரியாதையாக விழுந்திருக்கிறது! வேலை முடிந்ததும் மகேந்திரராஜா சீருடையைக்கூட மாற்றாமல் சம்பந்தி வீட்டுக்குப் போனார்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது ஜெர்மன் மட்டும்தான், அதுவும் இரண்டு பக்கமும் நொண்டும் ஜெர்மன். கோப்பி ஆறும் வரை மகேந்திரராஜா விளக்கினார். மூத்தவர் பெயரைச் சொல்வது எங்கள் ஆட்களுக்குக் கன்னத்தில் அறைவது மாதிரி. உங்களை மதித்துத்தான் சொல்லவில்லை, அண்ணை.

கிழவர் சீனியைக் கலக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கள் வீட்டில் ஈஸ்டரன்று பிறந்த பஸ்குவாலே ஒரே ஒருவர்தான்," என்றார் பிறகு. "என் தாத்தாவின் தாத்தா. மற்ற எல்லோரும் கண்ட கண்ட மாதத்தில் பிறந்தவர்கள். நான் ஆகஸ்ட். செத்தவர்களை நினைக்கத்தான் இந்தப் பெயரை வைக்கிறோம் என்று நானும் நம்பியிருந்தேன்." கரண்டியைக் கீழே வைத்தார். "என் மகனுக்கு நான் பாப்பா, எங்கள் மொழியில் அப்பா. உன் மகளுக்கும் அதுதான். தபால்காரனுக்குக் குடும்பப் பெயரோடு ஹேர் ருஸ்ஸோ, டாக்டருக்கும் ஹேர் ருஸ்ஸோ. உனக்கு அண்ணை. ஊரில் கூடப் பிறந்தவர்கள் ஒருவரும் மிச்சமில்லை. பஸ்குவாலே என்று கூப்பிட என் மனைவி இருந்தாள். அவள் போய் நாலு வருடம்."

கிழவர் ஆறிய கோப்பியில் ஒரு மிடறு குடித்தார்.

"பிள்ளையை அந்தப் பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் என் காதிலும் விழும். நான் ஞாயிற்றுக்கிழமை வந்ததே அதற்குத்தான்."

பசியோடு வந்து குந்தியிருந்த மனிதருக்கு முன்னால் சட்டியை மூடி வைத்துவிட்டு, அதை மரியாதை என்று நினைத்தாயே, மடையா என்று மகேந்திரராஜா தன்னையே திட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவும் ஜெர்மன் வரவில்லை. எழுந்து போய்ச் சப்பாத்தை மாட்டினார். கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை வந்தார்.

"சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறந்தநாள்," என்றார் மகேந்திரராஜா. வாய் கூசியது. இரண்டு காதும் சூடேறியது. "நேரத்துக்கு வந்திடுங்கோ, பஸ்குவாலே."

"காதில் விழவில்லை," என்றார் கிழவர்.

நன்றாகத்தான் விழுந்திருந்தது. மகேந்திரராஜா மறுபடியும் சொன்னார்.