அழிக்கத் தெரிந்த பெட்டி

கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடிக்க மென்பொருள் செய்கிறவனுக்குக் கம்ப்யூட்டரால் வரும் அதிர்ச்சி குறைவு. அதன் முன்னால் வந்து உட்காருகிறவர்களால் வருவதைத்தான் தாங்க முடியாது. புதிதாக எதையாவது செய்து விற்கப் போய் அடிபட்டவர்கள் எல்லோரும் இதற்குத் தலையாட்டுவீர்கள்.

எண்பதுகளின் நடுவில், துவாக்குடியில் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினேன். ஒரே விசைப்பலகையில் தமிழும் வரும், ஆங்கிலமும் வரும். சித்திரை பிறப்பதற்குள் ஒருவராவது வாங்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும் என்பது என் மனைவி கல்யாணியின் தீர்ப்பு. மாமனார் என் பழைய மேனேஜரிடம் பேசியே முடித்திருந்தார்.

பெருமாள் பெயர்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் வரதாச்சாரி மாமா. "என்னதான் பண்றீர், பார்ப்போம்" என்று ஒருநாள் மேலே வந்தார். அவரையே அடிக்கச் சொன்னேன். விசை விசையாகத் தேடி 'ரங்கநாதன்' என்று அடித்தார். திரையில் பச்சை எழுத்தில் பெயர் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இதைவிடப் பெரிய விசேஷம் இருக்கு மாமா, அழிக்கவும் செய்யலாம்" என்று விசையில் விரலை வைத்தேன். பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். திருநாமத்தை அழிக்கிற காரியம் இந்த வீட்டில் நடக்கக் கூடாதாம். பெட்டியை அணைக்கவும் கூடாதாம்.

ஆடிப்போய்விட்டேன். வேறு வேலை ஒன்றும் செய்ய முடியாமல் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கரண்ட் போனது, கூடவே பெயரும் போனது. மாமா என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே கீழே போய் விஷயத்தைச் சொன்னேன். "நாம அழிக்கலையோன்னோ? அவராவே எழுந்தருளிட்டார், விடும்" என்றார்.

இடது கை

கண்டோன்மெண்டில் கோர்ட் வாசலில் சூசை சாரின் டைப்பிங் கடை. வக்கீல்களுக்கு மனு அடித்துக் கொடுப்பார்கள். ஏறி இறங்கிய கடைகளில் 'கொண்டு வாங்க, பார்க்கலாம்' என்று சொன்னது இது ஒன்றுதான். நண்பனிடம் இரவல் வாங்கிய மானிட்டரை மடியிலும் மற்றதையெல்லாம் காலடியிலும் வைத்துக்கொண்டு ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டினேன். கடையில் டைப் அடிப்பவர் பிலோமினாம்மா. அந்தம்மா சரி என்றால் தனக்கும் சரி என்றார் சூசை சார்.

அந்தம்மா அடிக்க ஆரம்பித்தார். டைப்ரைட்டரில் ஒரு வரி முடிந்தால், மேலே இருக்கும் உருளையை இடது கையால் வலப்பக்கம் தள்ளி அடுத்த வரிக்கு வர வேண்டும். அந்தம்மாவுடையது அப்படியே பழகிய கை. முதல் வரி முடிந்ததும் தானாக எழும்பி மானிட்டரை ஒரே தள்ளு தள்ளியது. மேஜை விளிம்பில் பாய்ந்து கட்டிப்பிடித்தேன். அடுத்த வரிக்கும் தள்ளினார். பக்கம் முடியும்வரை பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றேன். அந்தம்மா நிதானமாகக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு சார். பிடிச்சுக்கறதுக்கு நீங்க தினமும் வருவீங்களா?"

முதலில் புள்ளி

அடித்த பக்கத்தைத் திரையில் படித்துப் பார்த்தால் இன்னொரு இடி. புள்ளிகள் எல்லாம் தப்பான எழுத்துகளின் தலையில் உட்கார்ந்திருந்தன. எழுதும்போது எழுத்துக்குப் பிறகுதானே புள்ளி வைக்கிறோம், அப்படித்தான் நான் செய்திருந்தேன். அந்தம்மாவோ முதலில் புள்ளியை அடித்திருக்கிறார். டைப்ரைட்டரில் அப்படித்தானாம். மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்து செய்ததெல்லாம் தலைகீழ். ஏன் அப்படி என்று கேட்டேன். "புள்ளியை அடிச்சா உருளை நகராது, எழுத்தை அடிச்சா நகர்ந்துடுமே சார், அப்புறம் புள்ளியை எங்க போய் வைக்கிறது?" என்றார்.

கடைசியில் திருத்தம்

சித்திரைக்குச் சில நாட்களே இருந்தன. எல்லாவற்றையும் மாற்றி எழுதிக்கொண்டு மறுபடி போனேன். மானிட்டரைக் கயிறு போட்டு மேஜையோடு கட்டினேன். பிலோமினாம்மா ஒரு மனு அடித்தார். புள்ளிகள் ஒழுங்காக விழுந்தன. "பரவாயில்லையே" என்று சூசை சார் சிரித்தார். அந்தத் தைரியத்தில் என் துருப்புச் சீட்டை இறக்கினேன். மனுவில் முத்துசாமியை அழித்து முத்துக்கருப்பன் ஆக்கினேன். மிச்ச வரிகள் தாமாக நகர்ந்து இடம் கொடுத்தன. "இனிமே ஒரு பேர் மாறினா முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வேண்டாம் சார்" என்றேன்.

சூசை சார் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "வக்கீலுங்க ஒரு பேரை மாத்துவாங்க, நாங்க முழுப் பக்கத்தையும் அடிச்சுக் காசு வாங்குவோம். திருத்தம்தான் சார் இந்தக் கடைக்குச் சோறு போடுது" என்றார். துவாக்குடி பஸ் வாசலிலேயே வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அப்போது பிலோமினாம்மா தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "அந்தத் திரும்ப அடிக்கறதெல்லாம் என் கைதானே சார் அடிக்குது? பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்றார். சூசை சார் கொஞ்சநேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்து, வாசல் பக்கம் பார்த்திருந்த மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வாங்கிக்கறேன் சார். ஆனா இது திருத்தும்னு இந்தத் தெருவுல யார்கிட்டயும் நீங்க மூச்சு விடக் கூடாது."

தான் செய்த பொருள் என்ன செய்யும் என்பதைச் சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்து அதை விற்ற ஆள், திருச்சியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.