மஞ்சள் இறங்கிய கிணறு

திருமுல்லைவாயிலைத் தாண்டித் தண்டவாளத்து ஓரமாக நடந்துகொண்டிருந்தபோதுதான், கால்சட்டைப் பையில் கம்பெனியின் ரப்பர் கையுறை ஒன்று இருப்பதைக் கவனித்தேன். ஒன்றே ஒன்று. இடது கைக்கானது. எங்கள் கம்பெனியில் யாருக்கும் ஜோடியாகக் கொடுத்ததில்லை. ஒருவனுக்கு இடது, அடுத்தவனுக்கு வலது. பீப்பாயை இரண்டு பேர் சேர்ந்துதானே தூக்குகிறீர்கள், ஆளுக்கு ஒரு கை போதும் என்பது முதலாளியின் கணக்கு. தூக்கி எறியலாமா என்று யோசித்தேன். பிறகு மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டு ஆவடிப் பக்கம் நடந்தேன். அம்பத்தூரைத் திரும்பியே பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு முறை பார்த்தேன்.

அது நடந்து ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இப்போது ஏன் ஞாபகம் வருகிறது என்றால், போன ஆடி வெள்ளியன்று ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்குப் பின்பக்கத் தெருவில் போய்க்கொண்டிருந்தேன். அம்மன் கரகம் வந்தது. கரகம் எடுத்தவர் காலில் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். சிதறிய தண்ணீர் என் காலில் பட்டது. நான் துள்ளிக் குதித்த குதியைப் பார்த்து ஒரு பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னா தாத்தா, மஞ்சத் தண்ணிதான். ஆசிட் இல்ல."

நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து காலை மூன்று தடவை கழுவினேன்.

அந்தத் தெருவில் மஞ்சளும் வேப்பிலையும் கற்பூரமுமாக வாசனை தூக்கியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. என் மூக்கின் நடுச்சுவரில் ஒரு துளை இருக்கிறது. குரோம் பூசும் தொட்டிக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் நின்றவர்கள் பலருக்கும் அது உண்டு. வலியே இல்லாமல் வரும். ஒரு நாள் மூக்கைச் சிந்தும்போது விசில் சத்தம் கேட்கும், அப்போதுதான் தெரியும். பிறகு வாசனையும் போய்விடும். மற்றவர்களுக்குப் பழைய ஞாபகத்தைக் கிளப்பத் தாழம்பூவும் மண்வாசனையும் இருக்கின்றன. எனக்கு நிறம் ஒன்றுதான் மிச்சம்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்துக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியவன் நான். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். சோறு யாராவது கொடுத்தால் உண்டு. தண்ணீரை யாரும் இல்லை என்று சொன்னதில்லை. வேப்பம்பட்டில் ஸ்டேஷனுக்கு எதிர்க்கிணறு இளநீர் மாதிரி இருக்கும். பூந்தமல்லியில் ஒரு கிணறு குடித்தபின் நாக்கில் லேசாகத் துவர்க்கும். கோடையில் ஏரி வற்றினால் நடு ஏரியில் மணலைத் தோண்டி, ஊறும் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடிப்போம். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு வாய் கொடுத்தால் எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன் என்று பெருமை அடித்துக்கொள்வேன். இப்போது எல்லா ஊர்த் தண்ணீரும் கேனில் வருகிறது. எல்லாம் ஒரே ருசி.

அம்பத்தூர்க் கம்பெனி சைக்கிள் உதிரிகளுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் குரோம் பூசுகிற இடம். அதற்குச் சில வருடங்கள் முன்புவரை அங்கே நெல் விளைந்திருக்கிறது. வயலை மேடாக்கி ஷெட் போட்டவர்கள் பின்பக்கத்து வயல் கிணற்றை மட்டும் மூடாமல் விட்டிருந்தார்கள். மோட்டார் போய், தண்ணீர் கீழே இறங்கி, வெறும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது அது. பூசி எடுத்த சாமான்களைக் கழுவுகிற தண்ணீரை முதலில் தெருச் சாக்கடையில்தான் விட்டோம். பக்கத்து ஷெட்காரர் தன் சுவரில் கறை ஏறுகிறது என்று சண்டைக்கு வந்தார். அன்றைக்கு எங்கள் மேஸ்திரிக்கு அந்தக் கிணறு கண்ணில் பட்டது.

"பூமாதேவி எத்தினியோ குடிச்சிகீறா நைனா. இத்தக் குடிக்கமாட்டாளா?"

அதிலிருந்து கழிவு முழுக்கக் கிணற்றுக்குத்தான். பீப்பாயில் பிடித்து, இன்னொருவனோடு தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்ப்பது என் வேலை. ஒரு மாதத்தில் கிணற்றைச் சுற்றியிருந்த கோரைப்புல் கருகியது. சாயங்காலமானால் உள்ளிருந்து கத்திக்கொண்டிருந்த தவளைகள் நின்றுவிட்டன. நல்லவேளை, இரைச்சல் விட்டது என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான் நினைத்தேன்.

நான் தங்கியிருந்தது தெய்வானை அக்கா வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்பில். கம்பெனி நின்ற அதே வயலின் மறுகோடியில் பத்துப் பன்னிரண்டு குடிசைகள். எல்லாரும் அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். நிலம் கைமாறியதும் அக்கா ஒரு தொழிற்சாலையில் பெருக்கப் போனாள். அவள் புருஷன் கோதண்டம் லாரிக்குச் சுமை ஏற்றினார். அவர்களுக்கென்று மிஞ்சியது வயலின் இன்னொரு கிணறு. குடிக்க, குளிக்க, சமைக்க அது ஒன்றுதான். எங்கள் கிணற்றுக்கும் அதற்கும் நடுவே ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள், சரசு. ஏழு வயது. நான் வேலை முடிந்து வந்ததும் என் பனியனில் இருக்கும் மஞ்சள் கறையைப் பார்த்து விடாமல் கேலி செய்வாள்.

"மாமா, இன்னிக்கும் உன் மேல ஆட்டுக்குட்டி ஒண்ணுக்குப் போச்சா?"

"ஆமாண்டி, தேடி வந்து போச்சு."

"நீ ஏன் ஓடல?"

பனியனைக் கழற்றிக் கல்லில் தேய்க்கப் போய்விடுவேன். எத்தனை தேய்த்தும் அந்தக் கறை போகாது. வேறு பனியனும் இல்லை.

அந்த வருடம் ஆடி பிறந்ததும் நாலு நாள் நல்ல மழை. மழை விட்டதும் சரசுவுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது, வைத்தியரிடம் போகக்கூடாது. இறங்கியபின் ஒற்றைப்படை நாள் பார்த்து மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். அதுதான் மருந்து, அதுதான் பூசை.

முதல் தண்ணீர் ஊற்ற இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் கிணற்றடியிலிருந்து அக்கா வாளியோடு ஓடிவந்தாள். அம்மை வீடு என்பதையும் மறந்து கத்தினாள்.

"நைனா, இங்க வந்து பாரு! ஆத்தாளே மஞ்ச அரைச்சிக் கலக்கிகீறா! எம் பொண்ணுக்கோசரம் கலக்கிகீறா!"

வாளித் தண்ணீர் மெல்லிய மஞ்சளாக, மண்டியே இல்லாமல் பளிச்சென்று இருந்தது. சேதி பரவி, மத்தியானத்துக்குள் அடுத்த தெருவிலிருந்தெல்லாம் சொம்போடு வந்தார்கள். ராட்டினக் கல்லுக்கு மாலை போட்டார்கள். கற்பூரம் எரிந்தது. கைநீட்டித் தீர்த்தம் வாங்கிக் குடித்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். சிரிக்காதீர்கள், ஆடி மாதத்தில், அம்மை கண்ட வீட்டுக் கிணறு மஞ்சளானால் நீங்களும் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மறுநாள் கம்பெனியில் கடைசிக் கழுவு தொட்டிக்கு முன்னால் நின்றபோது என் கை ஓடவில்லை. குரோம் கரைசல் தொட்டியில் இருக்கும்போது செம்பழுப்பாக இருக்கும். நிறையத் தண்ணீரில் கொஞ்சம் கலந்தால் நல்ல மங்கல மஞ்சள். அந்தத் தொட்டியில் இருந்தது அக்காவின் வாளித் தண்ணீர். கொல்லைப்பக்கம் போய் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தேன். மழையில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. மண்ணுக்கு அடியில் எது எங்கே போகும் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் புரிந்துவிட்டது.

மேஸ்திரியிடம் சொன்னேன்.

"அங்க கெணத்துல மஞ்சளா வருது மேஸ்திரி."

"ஆடி மாசம்பா. ஊரே மஞ்சளாத்தான் கீது."

"நம்ம தண்ணி மேஸ்திரி அது."

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "நம்ம தண்ணியா? ஊத்துனது யாரு, நானா? நீதான ஊத்துன?"

அடுத்த பீப்பாயைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் அக்காவிடம் போனேன். குழந்தை வேப்பிலை மேல் படுத்திருந்தது.

"யக்கா, புள்ளைக்கு அந்தத் தண்ணி வாணாம்."

"ஏன்?"

"கம்பெனித் தண்ணி கலந்துகிச்சோன்னு தோணுது."

அவள் பதறி என் வாயைப் பொத்த வந்தாள். "ஆத்தா கீற ஊட்ல பேசற பேச்சா இது? கன்னத்துல போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். "நான்தான் ஊற்றினேன்" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவள் நின்று கேட்டிருப்பாள். தோணுது என்றேன். அந்தச் சாய்ப்பும் அவள் கைச்சோறும் போய்விடும் என்கிற பயம். வேறு காரணம் ஏதாவது இருந்தால் இத்தனை வருடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

விடிந்ததும் ஸ்டேஷன் குழாய்க்குப் போய் இரண்டு குடம் நல்ல தண்ணீர் பிடித்துச் சுமந்துகொண்டு வந்தேன். அக்காவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"நல்ல புள்ள. எனக்குக் கெணத்தடிக்குப் போய் வர்ற வேல மிச்சம். இத்த சோத்துக்கு வச்சிக்கிறேன்."

அப்படியே வைத்துக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் ஸ்டேஷன் தண்ணீரில் பொங்கிய சோற்றைத் தின்றோம். ஆத்தாளின் தண்ணீர் சரசுவுக்கு மட்டும். தலைக்கு ஊற்றினார்கள், தொண்டைக்கும் ஊற்றினார்கள்.

"எரிதும்மா."

"ஆத்தா எறங்கற எரிச்சல்டி கண்ணு. பொறுத்துக்கோ."

முதல் தண்ணீரில் காய்ந்துவந்த கொப்புளங்கள் இரண்டாம் தண்ணீரில் மறுபடி வாய் திறந்தன. மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு வாந்தி நிற்கவில்லை. சிறுநீர் பிரியவில்லை. ஆத்தா கோபிப்பாள் என்று அக்கா அழுது தடுத்தும் கேட்காமல், கோதண்டம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பஸ் வருவதற்குள் திரும்பிவிட்டோம். அம்மையே கொண்டுபோனதா, நான் கவிழ்த்த பீப்பாயா என்று எந்த வைத்தியரும் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு அதில் சந்தேகமும் இல்லை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து கோதண்டம் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். கல்லில் போட்ட மாலை வாடித் தொங்கியது. அவரிடம் சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"யார் ஊத்துனது?"

"நான்தான் மாமா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து ஒரு வாளி இறைத்து என் முன்னால் வைத்தார்.

"குடி."

குனிந்து பார்த்தேன். என் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. கை போகவில்லை. அவர் வாளியை எடுத்து மண்ணில் கவிழ்த்தார்.

"போய்டு. தெய்வானைகிட்ட சொல்லாத. அவளுக்கு ஆத்தாளாச்சும் இருக்கட்டும்."

கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அவர் ஊருக்குச் சொன்னாரா, எப்படிச் சொன்னார் என்று தெரியாது. பல வருடம் கழித்து அந்தப் பக்கம் போனேன். குடிசைகள் இல்லை. இரண்டு கிணறுகளிலும் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடியிருந்தார்கள். எது எந்த இடம் என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. பக்கத்து ஏரியில் நுரை மிதந்தது. தவளைச் சத்தம் எங்கும் இல்லை. தெருமுனையில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன. தெய்வானை அக்காவைப் பற்றி விசாரிக்கவில்லை. கிடைத்துவிடுவாளோ என்று பயம்.

எங்கே விட்டேன்? தண்டவாளம். அன்று ஆவடி பிளாட்பாரத்தில் படுத்து, காலையில் ஒரு செங்கல் லாரியில் தொற்றிக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் இறங்கினேன். முந்தின நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. ஒரு புது ஷெட் வாசலில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் என் பேரைக்கூடக் கேட்கவில்லை. கையைத் திருப்பி, விரல்களில் குழி குழியாக இருந்த புண்களைப் பார்த்தார்.

"குரோம்ல இருந்தியா?"

"ஆமாங்க."

"அப்ப சொல்லிக்குடுக்க வேணாம். உள்ள போ."

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் நல்ல தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் கழிவுப் பீப்பாய் தயாராக நின்றது.

"இந்த வாய்க்கா எங்க போவுது சார்?" என்றேன்.

"பள்ளத்துக்குப் போவும். உனுக்கு இன்னா அத்தப்பத்தி?"

பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். எதிரே நின்றவன் கையில் வலது இருந்தது. இரண்டு பேரும் குனிந்து தூக்கினோம்.