மணிமுத்து சாரின் 'பி' செக்ஷன்

பண்பொழிப் பக்கம் எங்கள் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் மணிமுத்து சார், ஏழு வருஷமாகப் பகுதிநேர முனைவர் பட்டம் படித்தார். பகுதிநேரம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பகுதிநேரமாக நடந்தது எங்கள் பிள்ளைகளின் பாடம். கணக்கு டீச்சரான எனக்கு ஸ்டாஃப் ரூமில் அவர் பக்கத்து நாற்காலி. அவருடைய ஆராய்ச்சியை அவர் மனைவியைவிட அதிகம் கேட்டுத் தொலைத்தவள் நான்தான்.

கிராமத்துப் பிள்ளைகளை ஆங்கிலம் பேசவைக்க 'ஏழு படி முறை' என்று ஒன்றை அவரே கண்டுபிடித்திருந்தார். ஒன்பதாம் வகுப்பு 'ஏ' செக்ஷனுக்கு மூன்று மாதம் அந்த முறை. 'பி' செக்ஷனுக்கு வழக்கமான பாடம். கடைசியில் தேர்வு வைத்து 'ஏ' முந்தினால் முறை ஜெயித்தது. முனைவர் பட்டப் பதிவோ அந்த வருஷத்தோடு காலாவதி. சறுக்கினால் ஏழு வருஷமும் வீண்.

அதனால் சார் ரொம்ப ஜாக்கிரதையாக 'பி'க்கு வழக்கமான பாடத்தையும் நிறுத்திவிட்டார்.

"தப்பித்தவறி அதுக நல்லாப் படிச்சிட்டுன்னா என் ஆராய்ச்சி என்னத்துக்கு ஆகும்க்கா?" என்றார்.

"சும்மா விட்டா சத்தம் போடுமே சார்?"

"தமிழ்ல சத்தம் கேட்டாத்தான் எச்.எம். வருதாரு. இங்கிலீஷ்ல கேட்டா பாடம் நடக்குன்னு போயிருதாரு. எதுன்னாலும் இங்கிலீஷ்ல பேசித் தொலைங்கன்னு சொல்லிட்டேன்."

அட கடவுளே! மூன்று மாதம் 'பி' பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள், கோள் சொன்னார்கள், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரித்தார்கள். வார்த்தை கிடைக்காவிட்டால் லீடர் இசக்கிச்செல்வி அகராதியைப் புரட்டினாள். பக்கத்து அறையில் 'ஏ' பிள்ளைகள் வாயே திறக்காமல் ஏழு படிகளுக்கும் படிவம் நிரப்பினார்கள்.

தேர்வு முடிந்து, விடைத்தாளைப் பிள்ளைகளிடம் காட்டாமலே சராசரி போட்டவள் நான். ஐம்பதுக்கு 'ஏ' இருபத்தொன்று, 'பி' முப்பத்துநாலு. சாருக்கு முகம் செத்துவிட்டது.

அவருடைய கைடு பேராசிரியர், ஆய்வுக் கூட்டங்களைக் குற்றாலச் சாரல் பார்த்து வைக்கிறவர். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதுக்கா வே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீரு? 'ஏ'ன்னு இருக்க இடத்துல 'பி'ன்னு போடும், 'பி'ன்னு இருக்க இடத்துல 'ஏ'ன்னு போடும். நம்பர் ஒண்ணும் மாறலையே, இதுல பொய் எங்கன வந்துச்சு?"

சார் இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். மாற்றிப் போட்ட அட்டவணை என் கையெழுத்தில்தான் இருக்கிறது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல!

அடுத்த வருஷம் பட்டம் வந்தது. அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் இருந்தார்கள். பழக்கதோஷம், 'பி' இன்னும் ஆங்கிலத்தில்தான் அடித்துக்கொண்டது. பாராட்டு விழாவில் எச்.எம். மைக்கைப் பிடித்து முடிவை வாசித்தார்: "புதிய முறையில் படித்த 'ஏ' பிரிவு முப்பத்துநாலு, 'பி' பிரிவு இருபத்தொன்று." பலத்த கைதட்டல்.

கூட்டம் கலைந்ததும் இசக்கிச்செல்வி மேடைப் பக்கம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சார், வி ஸ்போக் எவ்ரி டே. ஒன்லி இங்கிலீஷ். வேர் டிட் வி கோ ராங்?"

மாலையும் கழுத்துமாக நின்ற டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னும் நல்லா முயற்சி பண்ணணும்மா" என்றார், தமிழில்.

"யெஸ் சார்" என்று தலையாட்டிவிட்டுப் போனாள். போய், பேசிப் பேசித்தான் கெட்டோம் என்று மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு 'பி' செக்ஷனில் ஒரு பிள்ளைகூட ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை.