சுகுணா மேடத்தின் எவர்சில்வர் டம்ளர்

அன்று காலை நான் முதலில் பார்த்தது ஆட்டைத்தான். திறந்த கேட் வழியாக வந்து, சுகுணா மேடத்தின் செம்பருத்திச் செடியைத் தின்றுகொண்டிருந்தது. வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் இருந்தும் யாரும் அதை விரட்டவில்லை. விரட்டிவிட்டு உள்ளே போனேன். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவருடைய தம்பி சொன்னார்.

உங்களில் பலருக்கு மேடத்தை வகுப்பறையில் தெரியும். அறிவியல் அறிஞர்கள் தங்கள் தவறை எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்று அவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகங்களை வெளிநாட்டிலும் பாடமாக வைத்திருப்பதாக, வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அவரைக் கூனிமேட்டு வீட்டில்தான் தெரியும். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுவிட்டு அம்மாவுடன் உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேடத்துக்குப் பார்வை மங்கிவிட்டது. தமிழில் எழுதிவந்த புத்தகத்தைப் படித்துக்காட்ட ஆள் தேடினார். அம்மா என்னைக் கொண்டுபோய் விட்டார்.

புரியாத இடத்தில் நிறுத்தச் சொன்னார் மேடம். எனக்கு வாய் வரவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டே பள்ளியை விட்டவள் நான். சில நாள் பார்த்துவிட்டு ஒரு எவர்சில்வர் டம்ளரை என் முன்னால் வைத்தார்.

"பேச வேணாம். புரியலைன்னா இதைத் தட்டு. தப்பு உம்மேல இல்ல, என் வாக்கியத்து மேல."

பிறகு தட்டித் தீர்த்தேன். தட்டிய ஒவ்வொரு வரியையும் மாற்றினார். அவருடைய பழைய மாணவரான சென்னைப் பேராசிரியர் வந்து பேசிக்கொண்டிருந்தாலும், டம்ளர் சத்தம் கேட்டால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "உன்னால என் புக்கு பாதியா இளைச்சிடுச்சு" என்று சிரிப்பார்.

அப்படி இளைத்த வரி ஒன்று: 'நீங்கள் சொல்வது தவறு என்று எதைப் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள்? அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.' இதை அம்மாவிடம் சொன்னேன். மழை வராது, உப்பை நாளைக்கு வாரலாம் என்ற மேஸ்திரியிடம் அம்மா இதையே கேட்டுவிட்டார். மழை வந்தால் ஒத்துக்கொள்கிறேன் என்றார் மேஸ்திரி.

"ஒத்துக்க நீ இருப்பே மேஸ்திரி, உப்பு இருக்காதே."

மேடம் இதைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தார். புத்தகத்திலும் சேர்த்துக்கொண்டார்.

ஒன்றும் தெரியாதவள் என்று கூசிக்கொண்டிருந்த என்னை, தெரியாததைச் சொல்வதற்காகவே வேலைக்கு வைத்துக்கொண்டவர் அவர். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

"புரியாத வரி ஒண்ணுகூட அச்சுக்குப் போகக் கூடாது" என்பார். ஆனால் கடைசி அத்தியாயத்தை நாங்கள் படிக்கவே இல்லை. அதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும், நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளம்மா என்றார் தம்பி. டம்ளரை எடுத்துக்கொண்டேன். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர் அந்தக் கடைசி அத்தியாயத்தைக் கையில் வைத்திருந்தார். மேடம் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அச்சுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் படிக்கத் தொடங்கினார். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள்.

இரண்டாவது வரி எனக்குப் புரியவில்லை.

டம்ளரைத் தட்டினேன்.