குலுக்கிக் கெடுத்தவன்

என் அக்காவின் கம்ப்யூட்டரை நான் கெடுக்கவில்லை. வருஷக்கணக்காகத் தொண்டை வறளச் சொல்கிறேன், காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா என்னைக் கைகாட்டி, "இவன் என் தம்பி, சுமை வண்டி ஓட்டறான். என் கம்ப்யூட்டரைக் குலுக்கிக் கெடுத்தவன் இவன்தான்" என்றுதான் அறிமுகம் செய்வாள். வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தரையில் வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் அக்காவைச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு துணி ஃபாக்டரியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள் அவள். முதலில் காலர், பிறகு பேன்ட்டின் பக்கத் தையல். அவள் அடித்த தையலின்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஸ்கேல்தான் கோணலோ என்று சந்தேகம் வரும். அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் வலது தோள்பட்டை தூக்க வரவில்லை. தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. மிஷினை விட்டால்தான் தோள் பிழைக்கும் என்றார் டாக்டர். அத்தானின் ஒரு சம்பளம் மாதக் கடைசியைப் பார்த்ததே கிடையாது.

அதே ஃபாக்டரியில் தொப்பியிலும் சட்டைப் பையிலும் நூலால் முத்திரை போடுகிற மிஷின்கள் இருந்தன. ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் மிஷின் அதன்படி தைத்துவிடும். அக்கா சாப்பாட்டு நேரத்தில் அந்த அறைக் கதவோரம் நின்றே அந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். "இது தையல்தாண்டா. கைய மட்டும் கொஞ்சமா அசைச்சாப் போதும்" என்றாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினாள், வேலை வீட்டுக்கே வந்தது. தோளும் மெல்லத் தேறியது.

அந்தப் பழசு போகப் போக என் வண்டியை விட அதிகமாக இரைய ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "பெட்டியும் போர்டும் புதுசாப் போட்டுடுங்கக்கா. மத்ததெல்லாம் பழசையே கழட்டி மாட்டிடலாம்" என்றார். மாட்டியும் கொடுத்தார். வண்டியில் மெத்தையை விரித்து, அதன் நடுவில் பெட்டியை வைத்து, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருவது போலத்தான் ஓட்டி வந்தேன். வழியில் ஒரு பள்ளம். ஒன்றே ஒன்று. அதையும் நானே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வீட்டில் சொல்லித் தொலைத்தேன்.

புதுப் பெட்டி உயரம். மேஜைக்கு அடியில் நிற்கவில்லை. அதனால் பக்கவாட்டில் படுக்க வைத்தோம். அதன் முன்பக்கம் சரிவாக, அக்காவைப் பார்த்தபடி இருந்தது.

மறுநாளே தொல்லை தொடங்கியது. வரைந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போகும், பிறகு தானாக முதலிலிருந்து எழும். சேமிக்காத வேலை அவ்வளவும் போச்சு. சில நாள் காலையில் மூன்று முறை. சில நாள் ஒன்றுமே இல்லை.

கடைக்குத் தூக்கிப் போனேன். அங்கே நல்ல பிள்ளையாக ஓடியது. பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார், அசையவில்லை. வீட்டுக்கு வந்தால் பழைய குணம். கரண்ட் கொடுக்கிற டப்பா பழசு என்று புதிதாக மாற்றினார். அணைந்தது. மெமரியைப் பிடுங்கித் துடைத்து இடம் மாற்றிச் செருகினார். அணைந்தது. சூடு என்றார், சூட்டைத் தணிக்கிற பசை தடவினார். அதற்கும் அணைந்தது. நாலாவது முறை வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, வரும்போது எங்கயாச்சும் இடிச்சீங்களா?"

"இடிக்கல."

"பள்ளத்துல விட்டான்ல" என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.

"ஒரு பள்ளம்க்கா!"

"ஒரு பள்ளம் போதாதா? உன் தலையில ஒரு கல்லு விழுந்தாப் போதாதா?"

கடைக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! தப்பித்தேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வண்டி தெரியும். வண்டி திணறினால் டீசலா, காற்றா, பேட்டரியா என்று மோப்பம் பிடித்துவிடுவேன். இது எதிலும் அடங்கவில்லை. பாரம் ஏற்றினால் நிற்கிற வண்டி உண்டு, கடையில் எவ்வளவு பாரம் ஏற்றியும் இது நிற்கவில்லை. நான் உட்கார்ந்து எதையாவது தட்டினாலும் நிற்கவில்லை. அநேகமாக அக்கா உட்கார்ந்தால்தான் நின்றது. அவளைக் கண்டால் இந்தப் பெட்டிக்கு ஆகவில்லையோ என்றுகூட நினைத்தேன். எனக்கே ஆவதில்லை சில நாள்.

இதற்குள் ஃபாக்டரி சூப்பர்வைசர் போன் செய்துவிட்டார். காவலாளிகளின் தொப்பிக்கு முத்திரை, சுற்றிலும் நீளமான கோடுகள். இரண்டு முறை தவணை தள்ளிப்போயிருந்தது.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வரலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேம்மா. நீ வேணும்னா பழையபடி மிஷினுக்கு வந்துடு."

அக்கா போனை வைத்துவிட்டு வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் வரைய உட்கார்ந்தாள். ஏதாவது ஒயர் தளர்ந்திருக்கிறதா பார்க்கலாம் என்று நான் மேஜைக்கு அடியில் புகுந்தேன். என் உடம்புக்கு அது பெரிய காரியம். மேலே அவள் ஒரு நீளக் கோட்டை இழுக்கத் தொடங்கியிருக்க வேண்டும், மூச்சை அடக்கினாள். குதிகால் தரையில் இருக்க, வலது பாதம் பெட்டியின் சரிவான முகத்தில் சாய்ந்தது. விரல்கள் மெல்ல மெல்ல அழுத்தின, மிஷினை மிதிப்பது போலவே. அங்கே ஒரு சின்னப் பொத்தான், கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி எழுப்புகிற பொத்தான். கட்டைவிரல் அதன்மேல் பதிந்தது. பெட்டி சட்டென்று அடங்கி, மறுபடி உறுமியது.

"போச்சு!" என்றாள் அக்கா.

"அக்கா, நீதான் மிதிக்கற!"

"என்னத்த?"

"காலால பொத்தான அழுத்தற. கோடு போடும்போது மிஷின மிதிக்கற மாதிரி மிதிக்கற."

குனிந்து பார்த்தாள். கால் நல்ல பிள்ளையாகத் தரையில் இருந்தது.

"பள்ளத்துல விட்டுட்டு இப்ப என் கால்மேல பழி போடறியா?"

"சத்தியமாப் பாத்தேன்."

"அன்னிக்கு நான் அடுப்படியில நிக்கும்போது தானா அணைஞ்சுதே? அது யார் காலு?"

அது யார் கால் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கரண்ட் போய் வந்திருக்கலாம். பள்ளமாகவும் இருக்கலாம், யார் கண்டது? அதை நினைத்தால் எனக்கே தலை சுற்றுகிறது.

"பெட்டியத் திருப்பி வச்சுடலாம்" என்றேன்.

"தொடாதே! நீ தொட்டா மொத்தமும் போயிடும். மணி நாலு ஆகப்போகுது." கொஞ்சம் யோசித்தாள். "நீ சொல்றது நிஜம்னா, கீழயே உக்காந்து காலப் பிடிச்சுக்கோ. அப்பவும் அணைஞ்சா நீதான் கெடுத்த."

பிடித்துக்கொண்டேன். கோணலாக மடங்கி, முட்டி தாடையில் இடிக்க, அக்காவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நீளக் கோட்டுக்கும் அது என் கைக்குள் முண்டியது. அவளுக்குத் தெரியவே இல்லை. தூங்கி எழுந்து வந்த அத்தான் குனிந்து பார்த்தார்.

"என்ன மச்சான், ஒரேயடியாக் கால்ல விழுந்துட்டீங்க?"

"பேசாமப் போங்க, கடைசி முத்திரை" என்றாள் அக்கா.

பெட்டி அணையவில்லை. மேலே விசை தட்டும் சத்தம் நின்றது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அனுப்பிட்டேன்."

நான் கையைத் தளர்த்தினேன்.

"டேய், விட்டுடாத! சூப்பர்வைசர் வந்துடுச்சுன்னு சொல்ற வரைக்கும் அப்படியே பிடிச்சுக்கோ."